வண்டியும் வயலும்

சிற்சில வெள்ளிக்கிழமை மாலைகளில் நம் குடியிருப்பின் வாயிலருகே நீண்டதொரு வண்டி வந்து நிற்பதை அன்பர்கள் கண்டிருக்கலாம். அதனுள்ளே படுக்கை உண்டு. சிறியதோர் அடுக்களை உண்டு. குளிர்பெட்டியும் கழிப்பறையும் உண்டு. கேரவன் என்று அதனைக் கூறுகின்றனர். பிள்ளைகளும் பெரியோரும் ஏறிக்கொள்ள, வண்டி நாசிக் சாலையையோ சோலாப்பூர்ச் சாலையையோ நோக்கிப் புறப்படுகின்றது. அன்றிரவு அவர்கள் தங்கப்போவது விடுதியில் அன்று. யாரோ ஓர் உழவருடைய திராட்சைத் தோட்டத்தின் ஓரத்தில்.

“வீட்டையும் தூக்கிக்கொண்டு போய் வயலில் படுத்து வருவதற்குப் பணம் வேறு கொடுப்பதா? இஃது என்ன புது நாகரிகம்?” என்று நம் சங்கத்து மூத்தோர் ஒருவர் நகைத்தார். அவருக்கு விடை கூறும் முயற்சியே இக்கட்டுரை. தேடிப் பார்த்தபொழுது, இது புதுமையும் அன்று, முழுதும் மேல்நாட்டிலிருந்து வந்ததும் அன்று என்பது தெளிவாயிற்று. வண்டியையே வீடாகக் கொண்டு, பிறர் நிலத்தில் இரவைக் கழித்துச் செல்லும் வழக்கம் மிகப் பழையது. அவ்வழக்கம் எந்த நாட்டில் எந்த வடிவில் தோன்றினும், அதைப் பற்றிக் கேட்கத்தக்க வினா ஒன்று உண்டு: தங்கிச் செல்வோன், தனக்கு இடந்தந்த நிலத்துக்கு எதனை விட்டுச் செல்கின்றான்? அவ்வினாவைக் கையில் பிடித்துக்கொண்டு இவ்வரலாற்றைத் தொடர்வோம்.

உமணர் வண்டி

கேரவன் என்பது பாரசீக மொழியின் ‘கார்வான்’ என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. வழியச்சம் கருதிக் கூட்டமாகச் சென்ற வணிகர் திரளையே அச்சொல் முதலில் குறித்தது. அத்தகைய திரளுக்கு நம் முன்னோர் வழங்கிய பெயர் ‘சாத்து’. கழனியும் காடும் கடந்து சென்ற சாத்துகளுள் நம் இலக்கியம் பெரிதும் பேசுவது உப்பு வணிகராகிய உமணரின் சாத்தாகும்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் உமணரின் வண்டி ஒன்று காட்டப்படுகின்றது. அதற்குக் கூரை வேயப்பட்டிருக்கிறது. அதன் வாயிலில் கோழி அடையும் கூடு இருக்கிறது. சிறியதோர் உரல் தொங்குகிறது. காடி வைத்த கலம் கயிற்றால் பிணிக்கப்பட்டிருக்கிறது. மகவையுடைய தாய் ஒருத்தி எருதுகளை ஓட்டிச் செல்கின்றாள். அடுக்களையும் கோழிக்கூடும் ஏறிய பின்னர் அதனை வண்டி என்பதா, வீடு என்பதா? இன்றைய கேரவனில் உள்ளவற்றுள் குளிர்பெட்டி ஒன்று நீங்கலாகப் பெரும்பாலானவை அதில் இருந்தன எனலாம். உணவு கெடாமல் காக்கும் தொழிலையும் அந்தக் காடிக்கலமே செய்தது.

உமணர் கடற்கரை உப்பை உள்நாட்டுக்குக் கொணர்ந்து, நெல்லுக்கு மாற்றினர். நெல் விளையும் ஊர்க்கு உப்பையும், உப்பு விளையும் ஊர்க்கு நெல்லையும் சேர்த்தது அவர்தம் சக்கரம். அவர்கள் வழியில் தங்கிச் சமைத்துவிட்டுப் போன அடுப்புக் கற்களைப் பற்றி அகநானூறு பேசுகின்றது. பின்னர் அவ்வழி வந்தவர்கள் அந்தக் கற்களிலேயே தம் உணவைச் சமைத்துக்கொண்டார்களாம். உமணர் விட்டுச் சென்றது மூன்று கற்கள். அவையும் அடுத்து வந்தவனுக்குப் பயன்பட்டன.

கிடையும் பேட்டையும்

வண்டியில் வருவோர் தங்குவதற்கென்றே பிற்காலத்தில் ஊர்தோறும் இடங்கள் அமைந்தன. வண்டிப்பேட்டை என்று தமிழ்நாட்டில் இன்றும் அவ்விடங்களைச் சுட்டுகின்றனர். மாடுகளை அவிழ்த்துக் கட்ட நிழலும், நீர்த்தொட்டியும், அடுப்பு மூட்ட இடமும் அங்கு இருந்தன. பேட்டை என்ற அச்சொல்லும் நாம் வாழும் புனேயின் கஸ்பா பேட், சதாசிவ பேட், சனிவார் பேட் என்னும் பெயர்களில் ஒலிக்கும் ‘பேட்’ என்ற சொல்லும் உறவுடையன. தமிழ்நாட்டை விட்டு வந்தாலும் பேட்டையை விட்டு நாம் வரவில்லை.

வயலிலேயே இரவு தங்குவோர் வேறு ஒரு கூட்டத்தார். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள், அறுவடை முடிந்ததும் ஆட்டு மந்தைகளை ஓட்டிக்கொண்டு காவிரிப் படுகைக்கு வருவர். நிலத்துக்குடையவர் கேட்டுக்கொள்ள, அவர் வயலில் இரவில் கிடை போடுவர். ஆட்டின் புழுக்கையும் நீரும் நிலத்துக்கு உரமாகும். அதற்காக நிலக்காரர் நெல்லோ பணமோ கொடுப்பார். “ஆட்டெரு அவ்வாண்டு, மாட்டெரு மறு ஆண்டு” என்பது உழவர் வாக்கு. தங்க வந்த விருந்தினனுக்கு இடம் கொடுத்தவரே கூலியும் கொடுத்தார் என்றால், அவன் விட்டுச் சென்ற பொருளின் மதிப்பை நாம் எளிதில் உணரலாம்.

இதே வழக்கத்தை மராட்டிய நாட்டிலும் காண்கிறோம். தங்கர் என்னும் இடையர் குலத்தார், மழைக்காலத்தில் தக்காணத்தின் வறண்ட மேட்டு நிலங்களில் மந்தையை மேய்த்துவிட்டு, தீபாவளிக்குப் பின்னர் சகியாத்திரி மலையைக் கடந்து கொங்கணக் கரைக்கு இறங்குவர். அவர்களுக்கு வண்டியில்லை, மட்டக்குதிரைகளே வண்டி. சட்டி பானையும் கம்பளியும் கோழியும், சிலபோது கைக்குழந்தையும் குதிரையின் முதுகில் இருக்கும். உமணரின் வண்டியை ஏட்டில் படித்த நாம், அதன் உறவினரை நாசிக் சாலையிலோ சாஸ்வட் சாலையிலோ நேரில் காணலாம். மந்தைக்கு வழிவிட்டு நிற்கும் பொழுது ஒலிப்பானை அழுத்தாமல் சற்று அந்தக் குதிரையின் முதுகைக் கவனிப்போமாயின், ஈராயிரம் ஆண்டு வழக்கம் ஒன்று நம்மைக் கடந்து செல்வது தெரியும்.

ஹடப்சரில் பிரியும் இரு பல்லக்குகள்

நம் குடியிருப்பின் அண்டையிலேயே ஆண்டுதோறும் மற்றொரு பெரும் பயணம் நிகழ்கின்றது. ஆளந்தியிலிருந்து ஞானேசுவரரின் பல்லக்கும், தேஹுவிலிருந்து துக்காராமின் பல்லக்கும் பண்டரிபுரத்துக்குப் புறப்பட்டுப் புனே நகரில் தங்கி, பின்னர் ஹடப்சர் வழியாக வருகின்றன. இங்கிருந்து முன்னது திவே கணவாய் ஏறிச் சாஸ்வட் செல்லும். பின்னது சோலாப்பூர்ச் சாலையில் லோணி காள்போரை நோக்கிச் செல்லும். சூன், சூலைத் திங்களில் நம் மாடங்களில் நின்றாலே தாளமும் முழவும் செவியில் விழும்.

வாரகரிகள் எனப்படும் அவ்வடியார்கள் ‘திண்டி’ என்னும் குழுக்களாகப் பிரிந்து நடக்கின்றனர். அரிசி பருப்பும் பாத்திரங்களும் கூடாரத் துணியும் ஏற்றிய லாரி ஒன்று குழுவுக்கு முன்னே சென்று, அன்றைய தங்கல் ஊரில் இடம் பிடிக்கும். கோயிலும் பள்ளியும் நிறைந்த பின்னர், சாலையோரத்து வயல்களே அவர்கள் படுக்கும் இடம். நிலத்துக்குடையவர் வாடகை கேட்பதில்லை. மாறாகப் பாக்ரியும் பிட்லாவும் சமைத்துப் பரிமாறுகின்றனர். நடந்து வருவோரும் பெரும்பாலும் உழவரே. மழையை எதிர்நோக்கியோ, விதையை மண்ணில் இட்டுவிட்டோ வந்தவர்கள். ஆதலின் எந்த வரப்பில் கால் வைக்கலாம், எதில் வைக்கலாகாது என்பதை அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டுவதில்லை.

விருந்தினனும் உழவன், விருந்தோம்புவோனும் உழவன் என்ற நிலையில் அங்கே விலைக்கு இடமில்லை. விருந்தினன் நகரத்தானாகும் பொழுதுதான் சிக்கல் தொடங்குகிறது.

மேல்நாட்டார் கண்ட இன்பச் செலவு

பிழைப்புக்காக அன்றி, இன்பத்துக்காகவே வண்டி வீட்டில் சுற்றும் வழக்கம் ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிற்று. கடற்படை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்ற கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், 1885ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலையில் ‘வாண்டரர்’ என்னும் வண்டியைச் செய்வித்தார். இரண்டு குதிரைகள் இழுத்த அவ்வண்டியில் இங்கிலாந்தின் தெற்கிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை சென்று, அப்பயணத்தை நூலாகவும் எழுதினார். நாடோடிகளான ரோமானிய மக்கள் பிழைப்புக்காக ஊர்ந்த வண்டியைச் செல்வர் பொழுதுபோக்குக்காகப் பின்பற்றிய கதை அது. நாடோடியின் வண்டியைக் கண்டு முகம் சுளித்த ஊர், செல்வரின் வண்டியைக் காணத் திரண்டு வந்தது.

மோட்டார் வந்த பின்னர் இவ்வழக்கம் நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டிற்று. ஜெர்மனியில் வோல்க்ஸ்வாகன் நிறுவனம் 1950இல் தன் சிறு பேருந்தைச் செய்யத் தொடங்கியது. அடுத்த ஆண்டே வெஸ்ட்பாலியா என்னும் நிறுவனம் அதனுள் படுக்கையும் அலமாரியும் பொருத்தி விற்றது. 1960களிலும் 1970களிலும் அத்தகைய வண்டிகள் துருக்கி, ஈரான், ஆப்கானித்தானம் வழியாக இந்தியாவுக்கும் வந்தன. 1979இல் ஈரானில் நிகழ்ந்த புரட்சியும், அவ்வாண்டின் இறுதியில் ஆப்கானித்தானத்தில் மூண்ட போரும் அத்தரைவழியை அடைத்துவிட்டன.

வண்டிகள் பெருகவே, அவற்றை நிறுத்துவது எங்கே என்ற வினா எழுந்தது. அதற்குப் பிரான்சு நாடு கண்ட விடை சிறப்பானது. அந்நாட்டில் 1993ஆம் ஆண்டில் ‘பிரான்ஸ் பாசியோன்’ என்னும் அமைப்பு தோன்றிற்று. திராட்சைத் தோட்டக்காரர்களும் பிற உழவர்களும் தம் நிலத்தில் சில வண்டிகளுக்கு இடம் ஒதுக்குவர். உறுப்பினர் அங்கே 24 மணி நேரம் வரை கட்டணமின்றித் தங்கலாம். எதையும் வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆயினும் சில நெறிகள் உண்டு. வந்தவுடன் வீட்டாரைக் கண்டு வணக்கம் கூற வேண்டும். வண்டியில் கழிப்பறையும் கழிவுத் தொட்டியும் இருத்தல் வேண்டும். கழிவையோ குப்பையையோ நிலத்தில் விடலாகாது. கட்டாயம் இல்லையெனினும், ஓரிரவு தங்கி, தோட்டக்காரருடன் பேசி, அவர் கொடுத்ததைச் சுவைத்தவர் பெரும்பாலும் வெறுங்கையுடன் திரும்புவதில்லை. இடைத்தரகர் இல்லாத சந்தை ஒன்று உழவரின் வாயிலுக்கே வந்து சேர்கின்றது. இம்முறையைப் பின்னர் இங்கிலாந்தும் அமெரிக்காவும் தத்தமக்கேற்பக் கைக்கொண்டன.

மராட்டிய மண்ணில்

இந்தியாவில் விளையும் திராட்சையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் மராட்டிய மாநிலத்தில் விளைகின்றது. நாசிக், சாங்கலி, சோலாப்பூர், புனே ஆகிய மாவட்டங்கள் அதில் முதன்மை பெற்றவை. நம் குடியிருப்பிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள மாஞ்சரியில்தான் தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையம் 1997 முதல் இயங்குகின்றது. அலுவலகப் பேருந்தில் அதன் வாயிலைக் கடந்து செல்வோர் நம்முள் பலர் இருப்பர். உள்ளே நடப்பதை அறிந்தோர் சிலரே இருப்பர். ஐரோப்பாவுக்கு அனுப்பும் பழத்தில் மருந்தின் எச்சம் உள்ளதா என்று ஆராயும் பணிக்கு நாட்டின் தலைமை ஆய்வகம் அங்கேதான் உள்ளது. 2010ஆம் ஆண்டில் குளோர்மெக்வாட் என்னும் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு மருந்தின் எச்சம் காரணமாக இந்தியப் பழம் ஐரோப்பியத் துறைமுகங்களில் மறுக்கப்பட்டு உழவர் பெரும் இழப்புக்கு ஆளாயினர். தோட்டத்து மண்ணிலும் நீரிலும் என்ன கலக்கின்றது என்பதில் அவர்கள் காட்டும் கண்டிப்பின் காரணம் இதனால் விளங்கும்.

தோட்டத்தைக் காண விருந்தினரை அழைக்கும் வழக்கத்தைப் பரப்பியதில் நாசிக் பகுதியின் சூலா தோட்டத்துக்குப் பங்குண்டு. அமெரிக்காவில் கணிப்பொறித் துறைப் பணியை விட்டுத் திரும்பிய இராஜீவ் சாமந்த், தம் குடும்ப நிலத்தில் அதனைத் தொடங்கினார். மது வேண்டாதவரும் கொடியையும் குன்றையும் ஏரியையும் காண அங்கே சென்றனர். ஆனால் சிறு உழவர்க்கு அத்தகைய முதல் ஏது? அவர்க்கு உகந்த வழியைக் காட்டியவர் பாண்டுரங்க தாவரே. அவர் முயற்சியால் 2005இல் வேளாண் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் உருவாகி, பாராமதிக்கு அருகே பளசிவாடியில் முதல் மையம் தோன்றிற்று. உழவர் தம் வீட்டையே விருந்தினர்க்குத் திறந்து, தாம் உண்பதையே அவர்க்கும் பரிமாறி, தம் தொழிலையே காட்சியாக்குவது அதன் நோக்கம். மழை பொய்த்தாலும் விலை சரிந்தாலும் கைகொடுக்கும் மற்றொரு வருவாய் அது. மாநில அரசு 2020இல் வேளாண் சுற்றுலாவுக்கும், 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கும் கொள்கைகளை வகுத்தது. கேரளமும் 2021இல் கேரவன் திட்டத்தைத் தொடங்கியது.

தமிழ்நாட்டில் இதற்கு இயற்கையாகப் பொருந்தும் இடம் கம்பம் பள்ளத்தாக்கு. தேக்கடிக்கும் சுருளிக்கும் செல்வோர் வழியில் நின்று பந்தலடியில் பன்னீர் திராட்சை வாங்குவது வழக்கம். அப்பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. பிற இடங்களில் ஆண்டுக்கொரு பருவம் அறுக்க, கம்பத்தில் ஆண்டு முழுதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். விடுமுறைக்கு ஊர் செல்லும் தேனி மாவட்டத்து அன்பர்கள் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் தகாது. இதே மாநிலத்தில் வண்டியுடன் வந்து வயலில் தங்கும் வேறொரு கூட்டமும் உண்டு. பீட் முதலிய வறண்ட மாவட்டங்களிலிருந்து, தசராவுக்கும் தீபாவளிக்கும் பின்னர், இலட்சக்கணக்கான கரும்பு வெட்டும் தொழிலாளர் மாட்டு வண்டியிலும் டிராக்டரிலும் குடும்பத்துடன் மேற்கு மாவட்டங்களுக்கு வருகின்றனர். கணவனும் மனைவியும் சேர்ந்து ‘ஒரு கொய்தா’, அதாவது ஓர் அரிவாள், என்று கணக்கிடப்படுகின்றனர். ஐந்தாறு திங்கள் கரும்புத் தோகையாலும் தார்ப்பாயாலும் ஆன குடிசையே அவர்கள் வீடு. பிள்ளைகளின் படிப்பு பாதியில் நிற்கின்றது. நாம் கேரவனில் சென்று விண்மீனைக் கண்டு மகிழும் அதே வானத்தின் கீழ், அடுத்த வயலில் அவர்களும் உறங்குகின்றனர்.

யாம் கண்ட ஓர் இரவு

எம் குடியிருப்பினர் இரண்டு குடும்பத்தார் தைத் திங்களில் கேரவன் ஒன்றை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு புறப்பட்டோம். சாகன், ராஜ்குருநகர், மஞ்சர் வழியாக நாராயண்காவை அடைந்து, அங்கிருந்து பிரிந்த ஒரு மண்சாலையில் இறங்கினோம். ஏறத்தாழ ஐந்து ஏக்கர்த் திராட்சைத் தோட்டம். அதன் ஓரத்தில் களத்துமேடு. அங்கே வண்டியை நிறுத்துமாறு தோட்டக்காரர் கை காட்டினார். அறுபதைக் கடந்தவர். எம் பிள்ளைகள் அவரை ‘ஆஜோபா’ என்று அழைக்க, அவர் முகம் மலர்ந்தது. அவர் மனைவியார் அடுப்பிலிருந்து எடுத்த பாக்ரியும், பச்சை மிளகாய்த் டேச்சாவும், பிட்லாவும் இட்டார்கள். எம்முடன் சென்ற பாட்டியார் வீட்டிலிருந்து கொணர்ந்த எலுமிச்சை ஊறுகாயைக் கொடுக்க, அந்த அம்மையார் ஒரு துண்டை நாவில் வைத்து, “இதுவும் எங்கள் டேச்சாவும் அக்காள் தங்கை” என்றார்கள்.

உணவுக்குப் பின் எம் வண்டியோட்டி செய்த செயல் எம்மைத் தலைகுனிய வைத்தது. கழிவுத் தொட்டி நிறைந்துவிட்டது என்று, அதன் குழாயைத் தோட்டத்து வாய்க்காலில் திறந்துவிட முனைந்தார். முந்திய இடங்களில் அவ்வாறுதான் செய்தாராம். முதியவர் ஓடி வந்து தடுத்தார். கடிந்து பேசவில்லை. “மகனே, இந்த வாய்க்கால் நீர்தான் கொடிக்குப் போகிறது. கொடியின் பழம் எங்கோ ஒரு நாட்டில் ஒரு குழந்தையின் வாய்க்குப் போகிறது” என்றார். வண்டிக்கு வாடகை கொடுத்த யாம், அதன் கழிவு எங்கே போகும் என்று ஒருமுறையும் கேட்டோமில்லை. அத்தொட்டியை அவ்வாறே திரும்பச் சுமந்து சென்றோம்.

இரவு ஒரு மணியளவில் யாரோ நடக்கும் ஓசை கேட்டு விழித்தோம். கையில் விளக்கும் தடியும் கொண்டு முதியவர் கிணற்றை நோக்கிச் சென்றுகொண்டிருந்தார். உழவுக்கான மும்முனை மின்சாரம் பல இடங்களில் முறை வைத்து வழங்கப்படுகின்றது. அவ்வாரம் அவர் ஊர்க்கு இரவு முறை. பம்பை இயக்க அவர் அந்நேரத்தில்தான் சென்றாக வேண்டும். தடி எதற்கு என்று வினவினோம். “சிறுத்தை” என்றார், நாய் என்று சொல்வது போல. சுன்னர் வட்டத்தில் கரும்புக் காடே சிறுத்தைக்கு வீடாகிவிட்டது. கரும்பினுள்ளே அது குட்டியும் ஈனுகின்றது. பிடிபட்ட சிறுத்தைகளைக் காப்பதற்கென்றே மாணிக்டோ அணைக்கருகில் ஒரு மையம் உள்ளது. யாம் வண்டிக் கதவைத் தாழிட்டுக் கம்பளிக்குள் புகுந்தோம். அவர் கொடிகளுக்கிடையே நடந்து மறைந்தார். பம்பு இயங்கும் ஓசை வந்த பின்னரும் எமக்கு உறக்கம் வரவில்லை.

காலையில் அவரே தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார். ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து செய்கின்றனர். ஏப்பிரல் கவாத்து கொடியை வளர்ப்பதற்கு; அக்டோபர்க் கவாத்து பழத்துக்கு. இரண்டாம் கவாத்துக்குப் பின் நான்கு திங்கள் அவர்க்கு ஓய்வில்லை. மழை தூறினால் பூ உதிரும். பனிமூட்டம் நின்றால் அடிச்சாம்பல் நோய் பற்றும். அறுவடை நேரத்தில் மழை பெய்தால் பழம் வெடிக்கும். நாசிக் மாவட்டத்து நிபாட் பகுதியில் குளிர் மிகும் இரவுகளில் கொடிகளுக்கிடையே தீ மூட்டிக் காய்ச்சுவார்களாம். குளிர் தாங்காமல் பழம் கெடாதிருப்பதற்கு. தம் தோட்டத்தில் ஓராண்டு கல்மழை பெய்து கால் மணி நேரத்தில் எல்லாம் போயிற்று என்றும், அவ்வாண்டில் வந்து தங்கியவர்கள் கொடுத்த பணமே ஆட்கூலிக்கு உதவியது என்றும் கூறினார்.

இரண்டு பெட்டிப் பழம் வாங்கிக்கொண்டு விடைபெற்றோம். அப்பொழுது அவர் சொன்னதை ஈண்டுப் பதிவு செய்வது எம் கடமை. “பழம் இருக்கும் நாளில் எல்லோரும் வருகிறார்கள். சிராவணத்தில் ஒருமுறை வாருங்கள். அப்போது கொடியில் பழம் இராது. ஆனால் அடுத்த பழம் கண்ணுக்குத் தெரியாமல் கொடிக்குள்ளே உட்கார்ந்திருக்கும்.” மாஞ்சரி மையத்து அறிவியலாரும் அதனையே வேறு சொற்களில் கூறுகின்றனர். ஏப்பிரல் கவாத்துக்குப் பின் வளரும் கொடியின் மொட்டில்தான், அடுத்த அறுவடையின் கரு அமைகின்றது.

நாம் தங்கியிருக்கும் நிலம்

நம் மூத்தோரின் வினாவுக்கு இதுகாறும் விடை தேடினோம். திரும்பி வந்து நம் குடியிருப்பின் வாயிலில் நுழைந்தபொழுது, அவ்வினா நம்மையே நோக்கித் திரும்பிற்று. இம்மகர்பட்டாவும் வயலாக இருந்த நிலமே அன்றோ?

கடக்வாஸ்லா அணை 1870களில் கட்டப்பட்டு, அதன் கால்வாய் ஹடப்சர் வழியாகக் கிழக்கே வெட்டப்பட்ட பின்னர், இப்பகுதி கரும்பும் காய்கறியும் விளையும் தோட்ட நிலமாயிற்று. மகர் என்னும் குடியினர் தலைமுறை தலைமுறையாக இங்கே உழுதனர். நகரம் நெருங்கி வந்தது. 1982ஆம் ஆண்டின் வளர்ச்சித் திட்டம் இந்நிலத்தை வருங்காலத்தில் நகராகும் பகுதி என்று குறித்தது. பிற இடங்களில் நிகழ்ந்ததை அவர்கள் கண்டிருந்தனர். நிலத்தைத் துண்டு துண்டாக விற்றவர், பணம் கரைந்த பின் அதே நிலத்தில் எழுந்த மாடிக்குக் காவலாளியாக நின்ற கதைகள் பல. சதீஷ் மகர் முன்நிற்க, ஏறத்தாழ 120 உழவர் குடும்பங்கள் தம் 400 ஏக்கர் அளவான நிலத்தை ஒன்று சேர்த்து, தாமே நிறுவனம் அமைத்து, நிலத்தின் அளவுக்கேற்பப் பங்குடையவர் ஆயினர். 2000ஆம் ஆண்டில் கட்டட வேலை தொடங்கிற்று. நிலம் உருமாறியது, நிலத்துக்குடையவர் அதனின்றும் அகற்றப்படவில்லை. இந்திய நகரங்களின் வரலாற்றில் இஃது அரிதானது.

எனவே, அன்பர்களே, வெள்ளிக்கிழமை மாலையில் கேரவனில் ஏறுவோர் மட்டுமே உழவர் நிலத்தில் தங்குவோர் என்று எண்ணற்க. வாடகை கொடுத்தோ கடன் கட்டியோ இங்கே வாழும் நாம் ஒவ்வொருவரும் வயலில் தங்கியிருக்கும் விருந்தினரே. கீதாரி ஓரிரவு தங்கி உரத்தை விட்டுச் சென்றான். உமணன் அடுப்புக் கல்லை விட்டுச் சென்றான். நாம் இருபதாண்டாகத் தங்கியிருக்கின்றோம். விட்டுச் செல்லப்போவது எது?

பெரிய செயல்கள் வேண்டுவதில்லை. தோட்டத்தில் தங்கச் செல்வோர், கழிவு எங்கே போகும் என்பதை வண்டியை அமர்த்தும் முன்னரே கேட்க வேண்டும். வீட்டாரைக் கண்டு வணங்கிய பின்னரே பாயை விரிக்க வேண்டும். பழத்தைப் பறித்துப் படம் எடுத்துவிட்டுக் கீழே போடுதல் கூடாது. பேரம் பேசாமல் தோட்டத்திலேயே வாங்க வேண்டும். மழை பெய்து பழம் கெட்டுவிட்டது என்ற செய்தி வந்தால், முன்பதிவைத் திரும்பப் பெறுவதற்கு மாறாக, அப்பொழுதுதான் அவசியம் செல்ல வேண்டும். நம் சங்கத்தின் பொங்கலுக்கு வேண்டும் கரும்பையும் காய்கறியையும் இச்சுற்று வட்டத்து உழவரிடம் நேரில் வாங்குவோமாயின், அவர்களையும் அன்று நம் பந்தியில் அமர்த்துவோமாயின், விழா நிறைவு பெறும்.

வரும் சிராவணத்தில் யாம் மீண்டும் நாராயண்காவுக்குச் செல்வதாக வாக்களித்துள்ளோம். உடன்வர விரும்புவோர் தெரிவிக்கலாம். பழம் கிடைக்காது என்பதை முன்னரே கூறிவிடுகின்றோம்.